மருத்துவ ஆய்வில் சேர்வதா, விலகி நிற்பதா? எம்.எஸ் நோயாளிகளை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

"பரிசோதனை எலி" என்ற சொல்லைக் கடந்த இரண்டு மாதங்களில் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி திருமணம் முடித்து கிழக்கு இலண்டனில் வாழ்கிறாள். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ், எனும் நரம்பு நோய். அவள் போகும் வைத்தியசாலையிலிருந்து, ஓர் ஆய்வில் பங்கெடுக்க விருப்பமா எனக் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதை அவள் ஊரிலுள்ள உம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றிரவே மாமிமார், சாச்சிமார், காக்காமார் எல்லோருடைய குரல் பதிவுகளும் வட்ஸ்அப்பில் பறக்கத் தொடங்கிவிட்டன. "வெள்ளைக்காரன் எங்கட புள்ளைய எலியாக்கப் பாக்கிறான், ஒரு கையெழுத்தும் வச்சிராத." சாரம் இதுதான்.

நான் விஞ்ஞானப் பாடம் கற்பிக்கும் ஆசிரியை, வைத்தியர் அல்ல. ஆனாலும் அவள் "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது, சும்மா ஒரு பதிலைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. இரவிரவாகத் தேடி வாசித்தேன். அவளுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம், இந்தக் கேள்வி அவளோடு முடிவதல்ல. நமது சமூகத்தவர் இன்று இலண்டனில், டொரொண்டோவில், மெல்பனில், வளைகுடா நாடுகளில் எல்லாம் பரந்து வாழ்கிறார்கள். இன்றோ நாளையோ பலருடைய வீட்டுக்கு இப்படியொரு கடிதம் வரும். நம் நாட்டிலும் வரலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மின்கம்பிக்கு மேலே ஓர் உறை இருப்பதுபோல, நமது நரம்பு நார்களைச் சுற்றி மயலின் என்றோர் உறை இருக்கிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் நிர்ப்பீடனத் தொகுதி, திசை மாறி, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை கழன்ற இடத்தில் செய்தி தடைப்படுகிறது. ஒருவருக்கு ஒரு கண் மங்கும். இன்னொருவருக்குக் கால் விறைக்கும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் உடல் சோர்ந்து விழும். வெயிலும் சூடும் பலருக்கு இதைக் கூட்டிவிடும். உலகத்தில் ஏறத்தாழ 29 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பிள்ளை பெற்று வளர்க்கும் காலத்தில் வருகிறது. முழுமையாகச் சுகப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தாக்கங்களைக் குறைத்து, நோயின் வேகத்தை மட்டுப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலானோருக்கு ஆரம்பத்தில் அது வந்து வந்து போகும். கண் மங்கி, சில வாரங்களில் தானாகவே தெளியும். கால் விறைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் பழையபடி நடக்கவும் முடியும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கண் மங்கிய பெண்ணை ஒருவரிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். மூன்று வாரத்தில் கண் தெளிகிறது. இன்னொருவர் எண்ணெய் கொடுக்கிறார், கால் சரியாகிறது. வேறொருவர் இணையத்தில் வாங்கிய மாத்திரை கொடுக்கிறார், சோர்வு போகிறது. மூவரும் தாங்கள் சுகப்படுத்தியதாகச் சத்தியம் பண்ணுவார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தாலும் அந்தக் கண் தெளிந்திருக்கும்.

அப்படியானால் ஒரு மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் பயறு முளைத்தலைச் செய்து காட்டும்போது, ஒரு சோதனைக் குழாயில் எல்லாம் இருக்கும், இன்னொன்றில் நீர் மட்டும் இருக்காது. அந்த இரண்டாவது குழாயைக் கட்டுப்பாடு என்போம். அது இல்லாவிட்டால் முளைத்தது நீரால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதரில் செய்யும் ஆய்விலும் அதுதான் நடக்கிறது. நோயாளிகளை எழுமாறாக, அதாவது காசைச் சுண்டிப் போடுவதுபோல, இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் புதிய மருந்து. மற்றப் பகுதிக்குப் பழைய மருந்து. அல்லது மருந்தே இல்லாத நோயாக இருந்தால், பார்வைக்கு அதேபோன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. கடைசியில்தான் திறந்து பார்க்கிறார்கள்.

இப்படி ஆட்கள் முன்வந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எம்.எஸ் நோயின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இத்தாலியின் ஃபெராரா நகரைச் சேர்ந்த இரத்தக் குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் பாவ்லோ சம்போனி. அவருடைய மனைவிக்கு எம்.எஸ். 2009 ஆம் ஆண்டு அவர், இந்நோய்க்குக் காரணம் கழுத்து நாளங்கள் ஒடுங்கியிருப்பதே என்றும், அதை பலூன் வைத்து விரித்தால் நிவாரணம் கிடைக்கும் என்றும் அறிவித்தார். தொலைக்காட்சிகள் தூக்கிப் பிடித்தன. "விடுதலைச் சிகிச்சை" என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. கனடாவிலிருந்து மட்டும் எத்தனையோ நோயாளிகள் வீட்டை அடகு வைத்து, ஊரில் நிதி திரட்டி, போலந்துக்கும் இந்தியாவுக்கும் கொஸ்டாரிக்காவுக்கும் பறந்தார்கள். திரும்பி வந்தவர்கள் நடந்து காட்டினார்கள், காணொளிகள் பரவின. உயிரிழந்தவர்களும் உண்டு.

கனடாவில் ஒரு குழு இதை முறைப்படி ஆராய்ந்தது. 104 நோயாளிகள் இணைந்தார்கள். எல்லோருக்கும் நாளத்துக்குள் குழாய் செலுத்தப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டுமே பலூன் விரிக்கப்பட்டது. மற்றவர்களுக்குச் செய்ததுபோல ஒரு பாவனை மாத்திரம். யார் யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. 2017 மார்ச் மாதம் முடிவு வந்தது: இரண்டு குழுக்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே ஆண்டில் சம்போனியே தலைமை தாங்கிச் செய்த ஆய்வும் வெளிவந்து, இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. சொந்தக் கொள்கைக்கு எதிரான முடிவைத் தானே வெளியிட்ட அந்த மனிதருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெரிய மரியாதை அந்த 104 பேருக்குரியது. அவர்களில் யாருக்கும் நோய் குணமாகவில்லை. அவர்களால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காணியும் நகையும் தப்பின.

தோல்வியில் முடிந்த ஆய்வும் ஒரு விடைதான் என்பதை நம் ஆட்கள் விளங்கிக்கொள்வது கொஞ்சம் சிரமம். பிரித்தானியாவில் சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரையை, நோய் முற்றிய நிலையிலுள்ள 964 எம்.எஸ் நோயாளிகளில் ஆராய்ந்தார்கள். நம் ஊர்களில் அரைவாசிப் பெரியவர்கள் இரவில் விழுங்கும் அதே மாத்திரை. முன்னர் செய்த சிறிய ஆய்வொன்று நம்பிக்கை தந்திருந்தது. வருடக்கணக்கில் அவர்கள் மாத்திரை எடுத்தார்கள், ஸ்கேனுக்குள் படுத்தார்கள், நடக்க வைத்து அளக்கப்பட்டார்கள். 2024 செப்டெம்பரில் முடிவு: பயனில்லை. இப்போது அங்கே 2023 இல் தொடங்கிய இன்னோர் ஆய்வில், சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோமின் பரிசோதிக்கப்படுகிறது. மலிவான பழைய மருந்தொன்று இந்நோய்க்கு உதவுமென்றால் அதன் நன்மை முதலில் ஏழை நாடுகளுக்குத்தான்.

அப்படி நடந்தும் இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் என்பது புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பல வருடங்களாகப் பாவிக்கப்படும் மருந்து. எம்.எஸ் நோய்க்கு அதை எந்தக் கம்பனியும் முறைப்படி பதிவு செய்யவில்லை. புதிய மருந்தை விற்பதில்தானே இலாபம். சுவீடன் நாட்டு வைத்தியர்கள் 200 நோயாளிகளைச் சேர்த்து, அதை இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில், ஒப்பீட்டு மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நோய் மீண்டும் தாக்கியது. ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு. 2022 இல் அது வெளியானது. அடுத்த வருடமே, 2023 ஜூலையில், உலக சுகாதார ஸ்தாபனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதற்தடவையாக எம்.எஸ் நோய்க்கான மருந்துகளைச் சேர்த்தது. மூன்று மருந்துகள், அவற்றில் ஒன்று ரிட்டுக்ஸிமாப். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நம்மைப் போன்ற நாடுகள் எதை வாங்குவது என்று தீர்மானிக்கின்றன. ஆக, நமது நாட்டு நோயாளி ஒருவருக்கு நாளை ஏற்றப்படும் மருந்துக்குப் பின்னால், முகம் தெரியாத அந்த இருநூறு சுவீடன் வாசிகள் இருக்கிறார்கள். மற்றவர் நட்ட மரத்தின் நிழலில் நாம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறோம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, ஊரில் பயப்படும் மாமிமாரை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, நானூறு வரையிலான கறுப்பின ஆண்களுக்குப் பறங்கி நோய் இருப்பது தெரிந்தும், அதற்குப் பென்சிலின் வந்த பிறகும், சிகிச்சை கொடுக்காமல் நோய் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் உண்மை சொல்லப்படவில்லை. நைஜீரியாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கானோ நகரில், 1996 இல் மூளைக்காய்ச்சல் பரவிய வேளையில், ஃபைசர் கம்பனி 200 சிறுவர்களைச் சேர்த்து ஒரு புதிய மருந்தைப் பரிசோதித்தது. 11 பிள்ளைகள் இறந்தார்கள். இது ஓர் ஆய்வு என்பதே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பெற்றோர் முறையிட்டார்கள். கம்பனி தவறை மறுத்தாலும், 2009 இல் 75 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. அதற்கிடையில் 2003 இல் கானோ மக்கள் போலியோ சொட்டு மருந்தையே நிராகரித்துவிட்டார்கள். போலியோ திரும்ப வந்தது. பக்கத்து நாடுகளுக்கும் போனது. ஒரு கம்பனி நம்பிக்கையை உடைத்தது, ஊனமானது யார் என்று பாருங்கள்.

தூரத்துக்குப் போகவும் தேவையில்லை. 2020 இல் கொரோனாவில் மௌத்தான நமது ஜனாஸாக்கள், விஞ்ஞானத்தின் பெயரால் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும், நிலத்தடி நீர் பழுதாகும் என்று "நிபுணர்கள்" எழுதிக் கொடுத்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்து, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானிக்க 2024 ஜூலை ஆனது. இதைக் கண்ணால் கண்ட ஓர் உம்மா, வெள்ளை அங்கி போட்டவர் நீட்டும் தாளில் கையெழுத்து வைக்கத் தயங்குகிறாள் என்றால், அவளுக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

ஆனால் அந்த அநியாயங்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. டஸ்கீகியிலும் சரி, கானோவில் பெற்றோர் சொன்னதன்படியும் சரி, ஆட்களுக்குத் தெரியாமல் செய்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்மதிக்கவில்லை. என் மாணவிக்கு வந்திருப்பது கேள்வி. "இல்லை" என்று சொல்லும் உரிமையோடு வந்த கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உலகம் சும்மா கொடுத்துவிடவில்லை. உலக மருத்துவச் சங்கம் 1964 இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2024 ஒக்டோபரில் அதே நகரில் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு "உட்படுத்தப்படுபவர்" என்ற பொருளிலிருந்த சொல்லை எடுத்துவிட்டு "பங்கேற்பவர்" என்று மாற்றினார்கள். சொல்தானே என்று நினைக்கலாம். எலிக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. மார்க்க அறிஞர்களும் இதைப் பேசாமல் விடவில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2006 இல் அம்மானில் கூடியபோது, மனிதர்களில் செய்யப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுங்குகளையே ஒரு தீர்மானமாக எடுத்தது. மருந்து தேடச் சொன்ன மார்க்கத்தில், மருந்து கண்டுபிடிப்பதற்கு உதவுவதைத் தூக்கியெறிய முடியாது. அதே நேரம் ஒருவரின் சம்மதமின்றி அவர் உடலைத் தொடவும் முடியாது.

சரி, நாம் விலகி நின்றால் பாதுகாப்பா? இங்கேதான் நான் மாமிமாரோடு உடன்படவில்லை.

கிழக்கு இலண்டனில் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, ஒரு இலட்சம் வெள்ளையரில் 180 பேருக்கு எம்.எஸ் இருந்தது. ஒரு இலட்சம் கறுப்பினத்தவரில் 74 பேருக்கு. தெற்காசியரில் 29 பேருக்கு. நமக்குக் குறைவுதானே என்று ஆறுதல்படலாம். ஆனால் அதே ஆய்வு, அங்கு வாழும் தெற்காசியருக்கு இந்நோய் வரும் அளவு, அவர்களின் பூர்வீக நாடுகளில் உள்ளதைவிடப் பல மடங்கு என்றும் சொல்கிறது. ஏன்? வெயில் குறைவா, விற்றமின் டீயா, உணவா, குழந்தைப் பருவத்தில் தொற்றும் கிருமிகளா? நமது ஆட்களைப் பார்க்காமல் இதற்குப் பதில் வராது. எம்.எஸ் மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அமெரிக்காவில் கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்கென்றே தனியாக ஓர் ஆய்வு நடத்தவேண்டி வந்தது இதனால்தான். நமது உடலுக்கு அந்த மருந்து எப்படி, நமது பெண்களுக்கு என்ன பக்க விளைவு என்பதெல்லாம், மற்றவர் சட்டையை நமக்கு அளவு பார்க்கும் வேலையாகவே இருக்கிறது.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நம்மைத் தவிர வேறு யாரும் கேட்கவே மாட்டார்கள். எம்.எஸ் உள்ளவர் ரமழானில் நோன்பு பிடிக்கலாமா? சாதாரண ஒரு நோயாளி தன் வைத்தியரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பொஸ்டனில் இருக்கும் ஆய்வுகூடத்துக்கு இது ஞாபகத்துக்கே வராது. பதிலைத் தேடியவர்கள் ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்து நரம்பியல் வைத்தியர்கள். எம்.எஸ் அதிகமுள்ள நகரம் அது. நோன்பு பிடித்த 40 நோயாளிகளையும் பிடிக்காத 40 பேரையும் அவர்கள் தொடர்ந்து அவதானித்து, 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் இலேசாக இருந்த அந்த நோயாளிகளுக்கு, நோன்பினால் குறுகிய காலத்தில் பாதிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. நடக்கவே சிரமப்படுபவர்களுக்கும், தாக்கம் வந்து ஸ்டீரொயிட் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த முடிவைப் பொருத்திப் பார்க்க முடியாது. அவர்கள் வைத்தியரின் சொல்லைத்தான் கேட்கவேண்டும். ஆனாலும் கையில் ஏதோ ஒரு விடை இருக்கிறதென்றால், அதைத் தந்தவர்கள் எண்பது முஸ்லிம் நோயாளிகள். அவர்களும் "எங்களை எலியாக்காதீர்கள்" என்று போயிருந்தால், இன்றைக்கும் வைத்தியர்கள் ஊகத்தில்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கிழக்கு இலண்டனில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினர் இதை விளங்கிக்கொண்டதாகத் தெரிகிறது. 2015 இல் அங்கே தொடங்கிய ஒரு மரபணு ஆய்வு, ஒரு இலட்சம் பேரை இலக்காகக் கொண்டு, வைத்தியசாலைக்குள் முடங்காமல் பள்ளிவாசல்களுக்கும் போய் உமிழ்நீர் மாதிரி சேகரித்தது. பல்லாயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். ஒரு சிறு குழாயில் துப்பிக் கொடுப்பதுதான் வேலை.

ஆய்வு என்றாலே ஊசியும் புது மருந்தும் அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என் மாணவியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வந்த கடிதம் எந்த வகை ஆய்வுக்கு?" என்பது. அவள் முழுக்க வாசித்திருக்கவில்லை. வாசித்துப் பார்த்தபோது, அது உமிழ்நீரும் ஒரு கேள்விக்கொத்தும் கேட்கும் ஆய்வு, மருந்தே இல்லை. இரண்டு மாதமாகக் குடும்பம் சண்டை பிடித்தது ஒரு மாத்திரைக்காக. அந்த மாத்திரை கடிதத்திலேயே இல்லை! ஆனால் மரபணுத் தகவல் என்பதும் சின்ன விடயமல்ல. யார் வைத்திருப்பார்கள், கம்பனிக்குக் கொடுப்பார்களா, பெயர் நீக்கப்படுமா, பின்னர் மனம் மாறினால் அழிப்பார்களா என்று கேட்டு எழுதச் சொன்னேன். கேட்டாள். பதில் வந்தது. பிறகு சேர்ந்துகொண்டாள். உம்மாவுக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை.

மருந்து ஆய்வென்றால் கேள்விகள் கனமாகும். ஆபத்து உண்மையானது, அதை மறைத்து யாரையும் சேர்க்கக்கூடாது. நற்றலிசுமாப் என்ற மருந்து 2004 நவம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மூன்றே மாதத்தில் நிறுத்தப்பட்டது, காரணம் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மூவருக்கு அரிதான மூளைத் தொற்று ஏற்பட்டு இருவர் மரணித்தார்கள். கடும் கண்காணிப்புடன் 2006 இல் அது திரும்ப வந்தது. யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனையும் பின்னர் வந்தது. அந்த இருவரின் குடும்பத்துக்கு இந்த முன்னேற்றம் ஆறுதலாகுமா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆகவே, இந்த மருந்து இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, அவர்களுக்கு என்ன நடந்தது, எனக்கு ஏதும் நேர்ந்தால் சிகிச்சைக்கும் நட்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்று கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

"வெறும் மாத்திரை கிடைத்தால் என் நோய் முற்றிவிடுமே" என்ற பயமும் நியாயமானது. இப்போது வந்து வந்து போகும் வகை எம்.எஸ் நோய்க்கு நல்ல மருந்துகள் இருப்பதால், புதிய மருந்தைப் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள மருந்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஒக்ரெலிசுமாப் என்ற மருந்தை 1,656 பேரில் ஆராய்ந்தபோது, மற்றக் குழுவினருக்கு இண்டர்ஃபெரோன் ஊசி கொடுக்கப்பட்டது. ஆரம்பத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகைக்கு அன்று மருந்தே இருக்கவில்லை. அதனால் 732 பேரைக் கொண்ட அதன் ஆய்வில் மட்டும் ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசிமருந்து ஏற்றப்பட்டது. முடிவு? வெற்று மருந்துக் குழுவில் நூற்றுக்கு 39 பேருக்கு இயலாமை கூடியது; மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு. பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகை எம்.எஸ் நோய்க்கு உலகில் அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து, 2017 இல், அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் பிறந்தது.

நமது ஆட்கள் கேட்கத் தயங்கும் வேறு கேள்விகளும் இருக்கின்றன. ரமழானில் மருந்து நேரத்தை மாற்றலாமா? மாத்திரை உறையில் உள்ள ஜெலட்டின் எதிலிருந்து வந்தது? பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க முடியுமா? கர்ப்பமாகக்கூடாது என்ற நிபந்தனை உண்டா, எத்தனை வருடத்துக்கு? கடைசிக் கேள்வியைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து கேட்பது நல்லது. பல மருந்து ஆய்வுகளில் அப்படியொரு நிபந்தனை இருக்கும், பிறகு வீட்டில் பிரச்சினையாகும். இவற்றைக் கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று கூச்சப்படத் தேவையில்லை. கேட்காவிட்டால் அவர்களுக்கும் தெரியவராது.

எல்லாவற்றிலும் பார்க்க எனக்குப் பயம் தருவது உண்மையான ஆய்வுகள் அல்ல, ஆய்வு என்ற பெயரைப் போர்த்திக்கொண்டு வருபவை. ஸ்டெம் செல் ஏற்றுகிறோம், நரம்பு புதிதாக வளரும், இத்தனை ஆயிரம் டொலர் கட்டுங்கள் என்று முகநூலில் விளம்பரம் வரும். முறையான மருந்து ஆய்வொன்று நோயாளியிடமிருந்து மருந்துக்குக் காசு அறவிடாது. காசு கேட்கிறார்கள் என்றால் அங்கே நீங்கள் பங்கேற்பாளர் அல்ல, வாடிக்கையாளர். கட்டுப்பாட்டுக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்பார்கள், எல்லோருக்கும் சுகமாகிறது என்பார்கள். வந்து வந்து போகும் நோயில் எல்லோருக்கும் சுகமாவது எப்படி என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

நம் நாட்டைப் பற்றி. இலங்கையில் எம்.எஸ் அரிதான நோய். பெரிய மருந்து ஆய்வுகள் இங்கே வருவதும் அரிது. ஆனால் நீரிழிவு, சிறுநீரகம், டெங்கு என்று வேறு நோய்களுக்கு ஆய்வுகள் நடக்கின்றன. கிளினிக்கில் உங்களிடமும் ஒருநாள் கேட்கலாம். அப்படிக் கேட்டால் சரிபார்க்க வழி இருக்கிறது. 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவப் பரிசோதனைகள் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு அது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மருந்து ஆய்வுகளுக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். மருத்துவ பீடங்களில் உள்ள ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒன்றின் அங்கீகாரமும் இருக்கவேண்டும். பதிவிலக்கம் என்ன, எந்தக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். முறையாக நடத்துபவர்கள் உடனே சொல்வார்கள்.

எல்லாவற்றையும் விட, சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளைக் காட்டி, "ஒண்டுமில்ல, இதில ஒரு சைன் வைங்க" என்றால் வைக்காதீர்கள். தமிழில் இருந்தாலும் அங்கேயே அவசரப்பட்டு வைக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்து வாசியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழமையான சிகிச்சை பாதிக்கப்படாது என்ற இரண்டும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விளங்காத சொற்களுக்குக் கீழே கோடிட்டு, உங்கள் ஊர்ப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அசருக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கும்.